மூன்று இரவு லிஸ்பன்: முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துச் செல்ல முடியுமா?

தெப்பக்குளம்:

அனைவருக்கும் வணக்கம். மார்ச் கடைசி வாரத்தில் லண்டனிலிருந்து லிஸ்பனுக்கு மூன்று இரவுகள் சென்றுவரலாம் என்று நினைத்திருக்கிறோம். வியாழன் மாலை போய் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பும் விமானத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் பணம் கட்டவில்லை. நான், மனைவி, எட்டு வயது மகள், திருச்சியிலிருந்து எங்களைப் பார்க்க வரும் அறுபத்தேழு வயது அம்மா என நால்வர். எல்லோருக்கும் இந்தியக் கடவுச்சீட்டுதான். நாங்கள் மூவரும் வேலை விசாவில் இங்கே வசிக்கிறோம். அம்மா வருகையாளர் விசாவில் வருகிறார்.

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். பத்து நிமிடம் உட்கார இடம் கிடைத்தால் மறுபடியும் அரை மணி நேரம் நடப்பார். படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் முகம் மாறிவிடும். உணவில் சைவம், கேக்கில் முட்டை உண்டா என்று அவரும் கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம்.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. வெள்ளிக்கிழமை காலை சாவ் ஜோர்ஜ் கோட்டை, அங்கிருந்து அல்ஃபாமா சந்துகள், 28ஆம் எண் டிராம், பிற்பகல் பெலெம், இரவு ஃபாடோ இசை. சனிக்கிழமை பக்கத்து மலையூரான சிந்த்ராவில் பேனா அரண்மனை, மூர்களின் கோட்டை, ரெகலெய்ரா தோட்டம், முடிந்தால் காபோ த ரோக்கா முனை. ஞாயிறு மீதமுள்ள அருங்காட்சியகங்கள். இந்தத் தாளைப் பார்த்த என் மனைவி, "இதற்குப் பழனிக்கே போய்விடலாம், அங்கே விஞ்சாவது இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். லிஸ்பனை அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கடலாடி:

எட்டு ஆண்டுகளாக லிஸ்பனில் வசிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் மனைவி சொன்னது சரி. ஆனால் ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் விசாவைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் பயணம் அங்கேதான் நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

நீங்கள் மூவரும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு லண்டனிலேயே விண்ணப்பிக்கலாம். அம்மாவின் நிலை வேறு. ஒருவர் தாம் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. வருகையாளராக வந்திருப்பவரிடம் தக்க காரணம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை வாங்கமாட்டார்கள். ஆகையால் அவர் ஊரிலிருந்து புறப்படும் முன்பே இந்தியாவில் விண்ணப்பித்து, விசாவுடன் லண்டன் வருவதுதான் பாதுகாப்பு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்றாலும், கடைசி 15 நாளை நம்பி யாரும் இருக்க வேண்டாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, உங்கள் மகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் வேண்டும். அம்மாவின் பிரிட்டன் விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறு இரவு அவர் திரும்பி உள்ளே வர வேண்டும் அல்லவா?

இனி ஊர். லிஸ்பனில் வரைபடம் ஏமாற்றும். இரண்டு இடங்களுக்கு நடுவே 400 மீட்டர் என்று கைப்பேசி காட்டும். அந்த 400 மீட்டருக்குள் ஒரு குன்று ஏறி இறங்கும். உங்கள் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் கோட்டையும் அல்ஃபாமாவும் ஒரு குன்றின் மேல், பெலெம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே ஆற்றங்கரையில். ஒரே நாளில் இரண்டையும் செய்தால் அம்மாவுக்கு நினைவில் நிற்கப்போவது கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் பதித்த நடைபாதை மட்டுமே. அந்தச் சுண்ணாம்புக்கல், காலடி பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். மார்ச் மாதத் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி கட்டாயம் தேவை. அம்மா தோல் செருப்போடு வந்தால் நான் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

உள்ளூர்க்காரர்கள் வயதானவர்களை அழைத்துச் செல்லும் முறை எளிமையானது: ஏறுவது வண்டியில், இறங்குவது நடந்து. அதன்படி நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பையுடன் பறப்பவன்:

மூன்று நாள் என்பது நிறைய நேரம். வாடகைக் கார் எடுத்தால் சனிக்கிழமை போர்ட்டோவே போய்வரலாம், நெடுஞ்சாலை நன்றாக இருக்கும்.

கடலாடி:

போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். எட்டு வயதுக் குழந்தையையும் முழங்கால் வலியுள்ளவரையும் ஆறு மணி நேரம் காரில் உட்கார வைப்பதற்கு லண்டனிலிருந்து பறந்து வர வேண்டிய தேவை இல்லை. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

வேம்படி:

தெப்பக்குளம் தம்பிக்கு வணக்கம். நான் பாரிஸில் இருக்கிறேன், பிறந்த ஊர் யாழ்ப்பாணம். 2019ஆம் ஆண்டு வசந்த காலத்தில் என்னுடைய அம்மாவை லிஸ்பனுக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கும் இதே முழங்கால் தேய்மானம்தான். கடலாடி அண்ணா எழுதியதில் ஒன்றை மட்டும் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஏறுவது வண்டியில், இறங்குவது நடந்து" என்பது நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கான ஆலோசனை. தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. உடம்பின் பாரம் முழுவதும் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் வந்து விழுகிறது. கோட்டையிலிருந்து அல்ஃபாமாவின் படிகள் வழியாக அம்மாவை நடத்தி இறக்கினேன். இருபது நிமிடத்தில் முடியும் என்று நினைத்த வழி ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. அடுத்த நாள் முழுவதும் அவர் விடுதிக் கட்டிலில் படுத்திருந்தார். நான் அந்த அறையின் யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஏறுவதும் வண்டியில், இறங்குவதும் வண்டியில், நடப்பது சமதளத்தில் மட்டும். இப்படிச் சொன்னால் லிஸ்பனில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆற்றங்கரை முழுவதும் சமதளம், பெலெம் சமதளம், நடுநகரமான பைஷா சமதளம். 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர் திருநாளன்று காலையில், மக்கள் கோயில்களில் கூடியிருந்த வேளையில் நிலம் நடுங்கி, கடல் பொங்கி, தீப்பிடித்து அழிந்த பகுதி அது. பொம்பால் பிரபு அதைத் திரும்பக் கட்டுவித்தபோது பழைய கோணல் சந்துகளை எடுத்துவிட்டு நேர்த்தெருக்களாக அமைத்தார்கள். சுவர்களுக்குள் மரச்சட்டக் கூடு வைத்து, நடுக்கத்தைத் தாங்கும் வகையில் வீடுகளைக் கட்டினார்கள். என்னுடைய அம்மா நிம்மதியாக நடந்தது அந்தத் தெருக்களில் மட்டும்தான்.

இன்னொரு காரியம். உணவகத்தில் உட்கார்ந்தவுடன், கேளாமலே பாணும் (ரொட்டிதான்) ஒலிவங்காயும் சீஸும் கொண்டுவந்து வைப்பார்கள். அது உபசாரம் இல்லை; தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் முதலிலேயே எடுத்துச் செல்லச் சொல்லலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். நாங்கள் ஈழத்தில் பாண் என்று சொல்வதே அவர்களுடைய சொல்தான் என்பதால், அந்த மேசையில் அம்மாவுக்கு முதலில் விளங்கிய போர்த்துக்கீசச் சொல்லும் அதுவே.

தெப்பக்குளம்:

அக்கா, மிக்க நன்றி. இறக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, "மலைக்கோட்டையில் ஏறினது நினைவில்லை, இறங்கினதுதான் நினைவிருக்கு" என்றார். அப்படியானால் கோட்டையை விட்டுவிட வேண்டுமா? தங்குவதற்கு அல்ஃபாமாவில் மூன்றாவது மாடியில் ஓர் அழகான வீடு கிடைக்கிறது, அதையும் விட்டுவிட வேண்டுமா?

கடலாடி:

வேம்படி சகோதரி சொன்னது சரி. என் முழங்காலை வைத்து அடுத்தவர் முழங்காலுக்குத் திட்டம் போட்டுவிட்டேன்.

வீட்டை உடனே விட்டுவிடுங்கள். இங்கே தரைத்தளம் பூஜ்யம். மூன்றாவது மாடி என்றால் மூன்று சுற்றுப் படி ஏற வேண்டும். அல்ஃபாமாவின் பழைய வீடுகளில் அது தோள் அகலத்துக்கு மரப்படியாக இருக்கும். மேலும் அங்கே பல சந்துகளில் கார் நுழையாது, பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். பைஷாவிலோ, லிபர்தாது அவென்யூவின் கீழ்ப்பகுதியிலோ, மின்தூக்கி உள்ள விடுதியாகப் பாருங்கள். மின்தூக்கி தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா, நான்கு படி ஏறிய பிறகா என்று எழுதிக் கேட்டு, பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிக் கட்டணத்துக்கு மேல் நகர வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. 13 வயதுக்குக் கீழே கிடையாது. உங்களுக்கு மூன்று இரவுக்கு 36 யூரோ வரும்.

கோட்டையை விட வேண்டாம். பைஷாவின் ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் நகராட்சியின் இலவச மின்தூக்கி இருக்கிறது. அது மதலேனா தெருவுக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பழைய சந்தைக் கட்டடம் ஒன்று, அதற்குள் இன்னொரு மின்தூக்கி. இரண்டும் சேர்ந்து மலையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆனால் அதன் பிறகும் ஏற்றம் மிச்சமிருக்கிறது. ஆகையால் அம்மாவுக்கு 737ஆம் எண் பேருந்துதான் பொருத்தம். ஃபிகெய்ரா சதுக்கத்தில் ஏறினால் கோட்டை வாசலுக்கு அருகே இறக்கிவிடும், அதே பேருந்தில் திரும்பலாம். கோட்டைக்குள் மதில்மேல் நடப்பதற்குப் படிகள் உண்டு; அதை மகளுக்கு விட்டுவிட்டு, அம்மா முன்புற முற்றத்தில் ஆற்றைப் பார்த்து உட்காரட்டும், மயில்கள் அங்கேயேதான் திரியும்.

இதேபோல் பைஷாவிலிருந்து ஷியாடோ மேட்டுக்கு ஏறுவதற்கு, பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகளைப் பயன்படுத்துங்கள். கீழ்த்தெரு வாசலில் நுழைந்து மேல்தெரு வாசலில் வெளியேறலாம், சீட்டு தேவையில்லை. 1902இல் கட்டிய சாந்தா ஜுஷ்டா இரும்புத் தூக்கியின் முன்னால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பழனி விஞ்சைப் போல் கம்பிவடத்தில் ஏறும் வண்டிகளை நம்பியும் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டி கம்பிவடம் விடுபட்டுக் கீழே பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். மற்ற வண்டிகளில் எது எப்போது ஓடுகிறது என்பதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

28ஆம் எண் டிராமை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மரப்பலகை இருக்கை, பித்தளைக் கைப்பிடி எல்லாம் அழகுதான். ஆனால் உட்கார இடம் கிடைக்காது, நின்றால் வளைவுகளில் தூக்கிப் போடும், அந்த நெரிசலில் பைக்குள் கைவிடுபவர்களும் கூடவே பயணம் செய்வார்கள். மகளுக்கு ஆசையாக இருந்தால், காலை எட்டு மணிக்கு முன் மர்த்தீம் மொனீஷ் தொடக்க நிறுத்தத்தில் நின்று ஏறுங்கள்.

பெலெமுக்கு வெள்ளிக்கிழமை செல்லுங்கள். ஞாயிறு காலை அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலில் திருப்பலி நடக்கும். 15ஆம் எண் டிராம் தாழ்தளம் கொண்டது, அம்மா படியில்லாமல் ஏறலாம். மடத்தின் கீழ்முற்றம் சமதளம். கப்பல் கயிறு, கடற்பாசி, வானியல் கோளம் எல்லாவற்றையும் கல்லில் முறுக்கி முடிச்சிட்டு வைத்திருப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் ஒவ்வொரு தூணும் வேறு வேறு என்பது தெரியும். கிழக்கிலிருந்து வந்த மிளகு முதலான சரக்குகளின் மேல் போட்ட 5 விழுக்காட்டு வரியில் எழுந்த கட்டடம் அது. வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில் இறந்தார். அவருடைய கல்லறை இன்று அந்தக் கோயிலின் வாசலை ஒட்டியே இருக்கிறது. நம் பக்கத்து மிளகு, நம் பக்கத்தில் இறந்தவர். கையில் மடக்குக் குடையோடு அங்கே நிற்கும்போது சற்று விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஓலைச்சுவடி:

பெலெம் பேச்சு வந்ததால் ஒரு சிறு குறிப்பு. தமிழில் முதலில் அச்சான நூல் எது என்ற கேள்விக்கான விடையும் லிஸ்பனில்தான் இருக்கிறது. 1554ஆம் ஆண்டு, போர்த்துக்கீசமும் தமிழும் கலந்த ஒரு மறைக்கல்விச் சிறுநூல் லிஸ்பன் நகரில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்து வார்ப்பு அப்போது இல்லாததால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578இல்தான் வந்தது. அந்த 1554 நூலின் பிரதி ஜெரோனிமோஸ் மடத்தின் மேற்குப் பகுதியில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. ஆனால் அந்த அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக 2022இல் மூடப்பட்டது. பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம். பொதுவாகவே லிஸ்பனின் அருங்காட்சியகங்கள் முறைவைத்து மூடித் திறக்கப்படுகின்றன. திட்டத்தில் எழுதும் முன் ஒவ்வொன்றையும் அதன் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூரையில்லாத கார்மோ மடம் ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

வேம்படி:

ஆற்றங்கரையில் மாலுமிகளின் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்துவைத்தவர்களின் கப்பல்கள் புறப்பட்ட கரை என்ற நினைப்பில் நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கஸ்டர்ட் பணியாரம் தின்றேன். 1837இலிருந்து சுடுகின்ற கடை அருகிலேயே இருக்கிறது. வெளியே நீளமான வரிசை நிற்பது பொதி வாங்குவதற்கு, உள்ளே மேசைகள் ஏராளம். கறுவாத்தூளைத் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். தம்பியின் அம்மாவிடம் முட்டை மஞ்சள்கரு எத்தனை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

தெப்பக்குளம்:

சிரித்துவிட்டேன் அக்கா. இப்போது பெரிய கேள்வி சிந்த்ராதான். மகள் பேனா அரண்மனையின் சிவப்பும் மஞ்சளுமான படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வாரமாக அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறாள்.

கடலாடி:

அம்மாவோடு சிந்த்ரா வேண்டாம் என்பதே என் கருத்து. ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் என்பது சுலபமாகத் தோன்றும். சிக்கல் அதற்குப் பிறகு. மலைமேல் செல்லும் 434ஆம் எண் பேருந்துக்கு வரிசை, பூங்கா வாசலிலிருந்து அரண்மனைவரை மறுபடியும் ஏற்றம், உள்ளே நுழைவதற்குச் சீட்டில் அச்சிட்ட நேரம் தவறினால் விடமாட்டார்கள் என்ற பதற்றம். ரெகலெய்ராவின் கிணறு 27 மீட்டர் ஆழம், சுற்றுப்படி. மூர்களின் கோட்டை முழுக்க முழுக்கப் படி. நீங்கள் எழுதிய நான்கு இடங்களையும் ஒரே நாளில் இளைஞர்களே முடிப்பதில்லை.

பையுடன் பறப்பவன்:

லிஸ்பன் போய் சிந்த்ரா பார்க்காமல் வருவது எப்படி? ஆட்டோ மாதிரி முச்சக்கர வண்டி கிடைக்குமே.

கடலாடி:

கிடைக்கும். நம் ஊரில் பேரம் பேசி ஏறும் அதே ஆட்டோ இங்கே சுற்றுலாப் பொருள். ஒரு மணி நேரத்துக்குக் கேட்கும் தொகையில் திருச்சியிலிருந்து மதுரைக்கு டாக்சியில் போகலாம். ஆனாலும் அம்மாவை ஒரு மேட்டுக் காட்சிமுனைக்கு அழைத்துப் போக ஒருமுறை செலவழிப்பது தவறில்லை. சிந்த்ராவில் அரண்மனையின் உட்படிகளுக்கு அது உதவாது.

வேம்படி:

எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? சனிக்கிழமை பிரிந்து போகலாமே. காய்ஷ் து சொத்ரே நிலையத்திலிருந்து கஷ்காய்ஷ் செல்லும் தொடருந்து ஆற்றையும் பிறகு கடலையும் ஒட்டியே நாற்பது நிமிடம் ஓடுகிறது. போகும்போது இடது பக்க இருக்கை. இறங்கினால் சமதளமான கடற்கரை நடைபாதை, உட்கார வாங்குகள். ஒருவர் அம்மாவுடன் அங்கே போகட்டும், மற்றவர் பிள்ளையுடன் சிந்த்ரா போகட்டும்.

தெப்பக்குளம்:

இதை வீட்டில் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மனைவியும் மகளும் காலை முதல் நேரச்சீட்டில் பேனா மட்டும்; நானும் அம்மாவும் கஷ்காய்ஷ். வெள்ளி பெலெம், மாலையில் 737இல் கோட்டை. ஞாயிறு என்ன செய்வது?

கடலாடி:

அந்த ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும் நாள். பிரிட்டனிலும் இங்கேயும் ஒரே வேளையில்தான். ஒரு மணி நேரத் தூக்கம் போய்விடும், ஆகவே காலையில் ஒன்றும் வைக்காதீர்கள். பிறகு ஒரியென்த் நிலையம் சென்று, 1998 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கடல்வாழ் உயிரினக் காட்சியகம் பாருங்கள். நடுத்தொட்டியில் 50 லட்சம் லிட்டர் கடல்நீர். வட்ட மீன் ஒன்று கண்ணாடியோரம் வந்து வெட்டிய நிலவைப் போல் மிதக்கும்போது குழந்தைகள் கத்துவார்கள். அந்தப் பகுதி முழுவதும் தட்டையான தரை, அங்கிருந்து விமான நிலையம் மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். கடவுச்சீட்டு வரிசைக்காக மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். உங்கள் விமானம் இரண்டாம் முனையத்திலிருந்தா என்றும் பாருங்கள். அதற்கு முதல் முனையத்திலிருந்து இலவசப் பேருந்தில் செல்ல வேண்டும். மெட்ரோ அட்டை ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையை நால்வர் தட்ட முடியாது.

தெப்பக்குளம்:

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கடன்பட்டிருப்பதால் எழுதுகிறேன்.

அம்மாவின் விசா, சென்னையில் விண்ணப்பித்த பதினெட்டாம் நாள் வந்தது. வியாழன் மாலை கடவுச்சீட்டு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றதால், அன்றைக்கு ஒன்றும் வைக்காதது நல்லதாயிற்று. வெள்ளி காலை தூறல். ஜெரோனிமோஸ் எதிரே நடைபாதையில் வழுக்கியது நான். புது ரப்பர் காலணி போட்டிருந்த அம்மாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோயிலுக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைச் சுற்றி வந்து, "இவ்வளவு தூரமா மிளகுக்கு வந்தான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தவறியது உணவில். சைவம் என்று சொல்லியே வாங்கிய பச்சைக்கீரைச் சூப்பின் அடியில் ஒரு தொத்திறைச்சித் துண்டு கிடந்தது. கால்தோ வெர்த் என்றால் அது வழக்கமாகப் போடுவதுதானாம், தனியாகச் சொல்லித் தவிர்க்க வேண்டுமாம். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அன்றிரவு பழம் மட்டும் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து "செம் கார்ன், செம் பெய்ஷ்" என்று கறியும் மீனும் வேண்டாததை மகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவாள்.

கஷ்காய்ஷ் ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தோம் அக்கா. இறங்கியதும் கடலைப் பார்த்த ஒரு வாங்கில் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் இடையில் இருமுறை "போகலாமா" என்று கேட்டேன், இருமுறையும் பதில் வரவில்லை. மனைவியும் மகளும் பேனாவிலிருந்து ஐந்து மணிக்குச் சேறு படிந்த காலணியோடு வந்து சேர்ந்தார்கள். இரவு உணவகத்தில் கேளாமல் வந்த பாணை அம்மா எடுத்துச் செல்லச் சொல்லவில்லை. வெண்ணெய் தடவி மூன்று துண்டு சாப்பிட்டார். கணக்கில் நான்கு யூரோ ஏறியிருந்தது.